விளைநிலம் வீட்டுமனையான கதை – 8: கழிவுநீர்க் குழாய் போன வழியே

சென்ற பகுதியில் சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் கோதுமைக் காலம் வரை வந்திருந்தோம். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்முனையில், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் வண்டல் பூமி அது. ஓலோனி மக்கள் ஓக் மரக் கொட்டைகளை இடித்து மாவாக்கி உண்டு வாழ்ந்த நிலம். 1777ல் ஸ்பானியர் அங்கே மிஷன் கட்டினார்கள்; அதே ஆண்டு சான் ஹோசே என்ற ஊரும் எழுந்தது. பிறகு தோலுக்கும் கொழுப்புக்குமாக மாடு வந்தது. 1850களில் மாட்டைத் துரத்திக்கொண்டு கோதுமை வந்தது. இந்தப் பகுதியில் கோதுமையைத் துரத்திக்கொண்டு பழமரம் வருகிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது அந்த மண்ணை ஆண்டது. அது போவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் போதுமானதாக இருந்தது.

இன்று அந்த இடத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் சிலிக்கான் பள்ளத்தாக்கு. கூகுளும் ஆப்பிளும் இன்டெல்லும் அங்கேதான் இருக்கின்றன. சன்னிவேலிலும் கூப்பர்டினோவிலும் சான் ஹோசேயிலும் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கணினி வந்தது, தோப்பு போனது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வரியை நான் ஏற்கவில்லை. கணினித் தொழில் பெரிதாகத் தலையெடுப்பதற்கு முன்பே தோப்புகளின் கதி முடிவாகிவிட்டது. முடிவு செய்தவை கழிவுநீர்க் குழாய், சொத்து வரி, நகர மன்றத் தீர்மானம் ஆகிய மூன்றும்தான்.

முதலில் தோப்பு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். லூயி பெல்லியே என்ற பிரெஞ்சுக்காரர் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்தவர். பிறகு சான் ஹோசேயில் நாற்றுப்பண்ணை வைத்தார். 1856ல் அவருடைய சகோதரர் பியேர் பிரான்சிலிருந்து அஜான் வட்டாரத்துப் பிளம் மரத்தின் ஒட்டுக் குச்சிகளைக் கொண்டுவந்தார். நீண்ட கப்பல் பயணத்தில் குச்சிகள் காய்ந்துவிடாதபடி உருளைக்கிழங்கில் செருகி எடுத்து வந்ததாக ஊரில் சொல்வார்கள். அந்தப் பிளம் பழத்தில் சர்க்கரை மிகுதி. கொட்டையை எடுக்காமல் முழுதாக வெயிலில் போட்டாலும் புளிக்காமல் காயும். காய்ந்த பழத்துக்கு ப்ரூன் என்று பெயர்.

ஆனாலும் கோதுமை உடனே இடம் விடவில்லை. கோதுமைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போட்டிருந்தார்கள். விளைந்ததை லிவர்பூலுக்குக் கப்பலேற்றினார்கள். வருடா வருடம் கோதுமையே விதைத்து மண் சலித்தது. சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தியக் கோதுமையும் பிரிட்டிஷ் சந்தைக்கு வந்தது, ருஷ்யக் கோதுமையும் வந்தது, விலை இறங்கியது. இதற்கிடையே 1864ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசேக்கு ரயில் வந்துவிட்டது. 1869ல் கண்டத்தின் இரு கரைகளும் தண்டவாளத்தால் இணைந்தன. காய்ந்த பழம் நாள்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் கெடாது. நியூயார்க் வரை போய்ச் சேரும். 1871ல் ஜேம்ஸ் டாசன் என்ற மருத்துவர் சமையல் அடுப்பை வைத்தே பழங்களைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிலைத் தொடங்கினார். மண்ணுக்குக் கீழே ஊற்று இருந்தது. 1850களிலேயே குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. ரயில், டப்பா, தண்ணீர் என்று மூன்றும் கூடிய பிறகு கோதுமைக்காரர்கள் தங்கள் நிலத்தைப் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் துண்டுகளாக்கி விற்றார்கள். இருபது ஏக்கர் தோப்பு இருந்தால் ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கலாம் என்பது அன்றைய நில வியாபாரிகள் தந்த வாக்கு.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் முதல்முதலாக மனை பிரித்து விற்றது வீடு கட்டுவதற்காக அல்ல, மரம் நடுவதற்காக. நிலத்தைத் துண்டாக்குவதே விவசாயத்தின் பகை என்று பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். இங்கே துண்டாக்கிய பிறகுதான் விவசாயம் செழித்தது. 1920களில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பழமரங்கள் நின்றன. ப்ரூன், ஆப்ரிகாட், செர்ரி, பேரி, வால்நட். உலகத்து ப்ரூனில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு கவுன்டியிலிருந்து போனது. கவுன்டி என்றால் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. மார்ச் மாதத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாகப் பூக்கும். சாரடோகா ஊரில் 1900 முதல் பூ விழா எடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரயிலேறி ஜனங்கள் வந்தார்கள். ‘மனம் மகிழும் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்து வர்த்தகச் சங்கத்தார் விளம்பரம் செய்தார்கள்.

அந்த மகிழ்ச்சியின் பின்னால் இருந்த உழைப்பு விளம்பரத்தில் வரவில்லை. ப்ரூனை மரத்திலிருந்து பறிப்பதில்லை. நன்கு பழுத்துத் தானாக உதிரவேண்டும், அல்லது கொக்கி போட்டுக் கிளையை உலுக்கவேண்டும். உழுத கட்டிகளுக்கு நடுவே முழங்காலில் ஊர்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். ஆகஸ்ட் வெயிலில் குடும்பம் குடும்பமாக, குழந்தை குட்டியோடு பொறுக்கினார்கள். பள்ளிக்கூடத் திறப்பையே ப்ரூன் அறுவடை முடியும் நாளைப் பார்த்துத்தான் வைத்தார்கள். பொறுக்கிய பழத்தைக் கொதிக்கும் காரத் தண்ணீரில் முக்கித் தோலில் கீறல் விழச் செய்து, மரத் தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். மூன்று பவுண்டு பழம் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு பவுண்டு ப்ரூன். ஆப்ரிகாட்டுக்கு வேறு வேலை. கொட்டகையில் பெண்களும் சிறுவர்களும் வரிசையாக நின்று, பழத்தை இரண்டாக அறுத்து, கொட்டையை எறிந்து, குழிந்த பக்கம் மேலே தெரியும்படி தட்டில் அடுக்கவேண்டும். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு நிறம் மங்காதிருக்க மூடிய அறையில் கந்தகப் புகை போட்டு, அதன்பின் களத்துக்குக் கொண்டுபோவார்கள்.

யார் அந்த உழைப்பாளிகள்? முதலில் சீனர்கள். ஸ்ட்ராபெரி வயல்களில் அவர்களுடைய கைதான் ஓங்கியிருந்தது. 1882ல் அமெரிக்க அரசு சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1887ல் சான் ஹோசேயின் நடுவே இருந்த சீனர் குடியிருப்பைத் தீவைத்து அழித்தார்கள். 2021ல்தான் அந்நகர மன்றம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. அடுத்து ஜப்பானியர் வந்தார்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் நிலம் எடுத்து ஸ்ட்ராபெரியும் காய்கறியும் பயிரிட்டார்கள். 1913லும் 1920லும் கலிபோர்னியா இயற்றிய அன்னியர் நிலச் சட்டங்கள் அவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தன, குத்தகையையும் முடக்கின. அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகளின் பெயரில் பத்திரம் எழுதிச் சமாளித்தவர்கள் உண்டு. 1942ல் அவர்களை மொத்தமாகத் திரட்டி முகாம்களுக்கு அனுப்பினார்கள். இந்தக் கவுன்டியைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுன்டன் முகாமுக்கு. தோப்புக்காரர்களில் இத்தாலியர், போர்த்துகீசியர், குரோவேஷியர் மிகுதி. டப்பா ஆலைகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டுப் பெண்கள். பிறகு மெக்சிகோக்காரர்கள். சான் ஹோசேயின் கிழக்கே அவர்கள் வாழ்ந்த சேற்றுத் தெருக்களுக்கு ‘சல் சி புவேதெஸ்’ என்று பெயர், ‘முடிந்தால் தப்பித்துப் போ’ என்று அர்த்தம். ஆப்ரிகாட் தோப்பில் கூலி வேலை பார்த்திருந்த ஓர் இளைஞர் 1952ல் அந்தத் தெருவில்தான் ஃப்ரெட் ராஸ் என்ற அமைப்பாளரைச் சந்தித்துப் பொதுவாழ்வுக்கு வந்தார். பின்னாளில் அமெரிக்க விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் தலைவரான சேஸர் சாவேஸ் அவர். தோப்புக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது.

தண்ணீரின் கணக்கும் அப்படித்தான். தானாகப் பொங்கிய ஊற்றை நம்பி ஆயிரக்கணக்கில் குழாய் இறக்கினார்கள். பம்பு வந்தது, நீர்மட்டம் இறங்கியது. நிலத்தடியின் களிமண் அடுக்குகளிலிருந்து நீர் வெளியேற, அடுக்குகள் இறுகின. மேலே இருந்த தரையும் சேர்ந்து இறங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960களின் கடைசிக்குள் சான் ஹோசே நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ 13 அடி தாழ்ந்துவிட்டது. விரிகுடாக் கரையிலிருக்கும் ஆல்விசோ என்ற படகுத்துறை ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே போயிற்று. இறுகிய களிமண் மீண்டும் உப்பாது. அந்த 13 அடி போனது போனதுதான். 1929ல் விவசாயிகளே முன்நின்று நீர்ப் பாதுகாப்பு அமைப்பை உண்டாக்கினார்கள். 1930களின் நடுவில் மலையடிவாரத்தில் அணைகள் எழுந்தன. மழைநீரைத் தேக்கிவைத்து, கோடையில் ஓடைப் படுகைகளில் மெல்லத் திறந்துவிட்டு, நிலத்துக்குள் இறங்கச் செய்தார்கள். நீர்மட்டம் ஏறவும் ஏறியது. போருக்குப் பின் வீடுகள் பெருகியதும் மறுபடி உறிஞ்சல் தொடங்கியது. 1965ல் மாநிலக் கால்வாய்த் திட்டத்தின் தண்ணீர் வெளியிலிருந்து வந்த பிறகே தரை இறங்குவது நின்றது. தோப்புக்காரர்கள் கட்டிய அந்த அணைகளின் நீரை இன்று குடித்துக்கொண்டிருப்பது நகரம்.

இனி இந்தப் பகுதியின் மையத்துக்கு வருவோம். 1950ல் சான் ஹோசேயின் மக்கள்தொகை 95,000. நகரின் பரப்பு 17 சதுர மைல். அந்த ஆண்டு ஏ.பி. ஹாமன் என்பவர் நகர நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். ‘டச்’ ஹாமன் என்றே ஊர் அவரை அழைத்தது. 1969 வரை அவரே அந்த நாற்காலியில் இருந்தார். சான் ஹோசேயை லாஸ் ஏஞ்சல்ஸ் அளவுக்குப் பெரிய நகரமாக்கவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அமெரிக்க நகரங்கள் பக்கத்து நிலங்களைத் தம் எல்லைக்குள் இணைத்துக்கொள்ளச் சட்டம் வழிசெய்கிறது. அவர் காலத்தில் சுமார் 1,400 இணைப்புகள் நடந்தன. அவர் போகும்போது நகரம் 130 சதுர மைலைத் தாண்டியிருந்தது. மக்கள்தொகை நாலரை லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இணைப்பு நடந்த விதம்தான் தோப்புகளைக் கொன்றது. நகரம் வட்டமாக, ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்கு வளரவில்லை. ஒரு சாலையை மட்டும் இணைத்துக்கொண்டு, ஆக்டோபஸின் கைபோல மைல்கணக்கில் நீண்டு, தூரத்தில் விற்கத் தயாராயிருந்த ஒரு தோப்பைப் பிடித்துக்கொள்ளும். இடையில் இருக்கும் தோப்புகள் கவுன்டியிலேயே இருக்கும். ஆனால் சாலையின் அந்தப் பக்கம் நகரம், இந்தப் பக்கம் வயல் என்றாகிவிடும். இந்தக் கை நீள்வதற்கு எலும்பாயிருந்தது கழிவுநீர்க் குழாய். டப்பா ஆலைகள் கோடைதோறும் பழத்தோலையும் கொட்டையையும் சாற்றையும் விரிகுடாவில் கொட்டி நீரை நாறடித்தன. அந்தக் கழிவையும் தாங்குவதற்காகவே ஆல்விசோ அருகே பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். 1956ல் அது ஓடத் தொடங்கியது. அறுவடைக் காலத்தின் உச்சச் சுமைக்காக அமைத்த நிலையத்தில் மற்ற மாதங்களில் நிறைய இடம் மிச்சமிருந்தது. வீடு கட்டுகிற நிறுவனம் கழிவுநீர் இணைப்பு வேண்டுமென்றால் நகர எல்லைக்குள் வந்தாகவேண்டும் என்று நகரம் நிபந்தனை வைத்தது. பழத்தொழிலுக்காகப் போட்ட குழாயே பழத்தோப்பை வீட்டுமனையாக்கும் கருவியாயிற்று.

சான் ஹோசேக்குப் பயந்தே சுற்றியிருந்த ஊர்கள் அவசர அவசரமாகத் தனி நகரங்களாகப் பதிந்துகொண்டன. 1952ல் கேம்ப்பெல்லும் லாஸ் ஆல்டோஸும், 1954ல் மில்பிடாஸ், 1955ல் கூப்பர்டினோ, 1956ல் சாரடோகா. தோப்பைக் காப்பதற்காக நகரமானோம் என்று சிலர் சொன்னார்கள். நகரமானதும் அவையும் வரிக்காக வீடு, கடை, அலுவலகம் தேடத் தொடங்கின. அதுவே நகராட்சியின் இயல்பு.

தோப்புக்காரர் ஏன் விற்றார்? பேராசை என்று சொல்வது எளிது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி நிலத்துக்கு வரி போடும்போது அதில் என்ன விளைகிறது என்று பார்ப்பதில்லை. அந்த நிலத்தை விற்றால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்ப்பார்கள். பக்கத்துத் தோப்பு வீட்டுமனையாகப் போனதும் உங்கள் தோப்பின் மதிப்பும் மனை மதிப்பாகிவிடும். மரம் தரும் வருமானம் அப்படியே இருக்க, வரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் புதிய பள்ளிக்கூடத்துக்கான வரி வேறு. புதிதாய்க் குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி அது. வந்தவர்கள் மருந்தடிக்கும் இரைச்சலைப் பற்றியும் கந்தகப் புகையைப் பற்றியும் புகார் செய்தார்கள். சிறுவர்கள் மரமேறிப் பழம் பறித்தார்கள். பேரி மரங்களை ஒரு நோய் வாட்டியது. அறுவடைக்கு ஆள் கிடைப்பது குறைந்தது. மரத்தை உலுக்கும் இயந்திரம் வந்தது, அது பத்து ஏக்கர் தோப்புக்குக் கட்டுபடியாகாது. பிள்ளைகள் எஞ்சினியர் படிப்புக்குப் போய்விட்டார்கள். அறுபது வயதில் ஒருவர் இத்தனையையும் சுமந்துகொண்டு ஏன் தோப்பைக் காக்கவேண்டும்? விற்ற பணத்தில் பலர் மத்தியப் பள்ளத்தாக்கிலும், குறிப்பாக அதன் வடக்கே யூபா சிட்டி வட்டாரத்திலும் இதைவிடப் பல மடங்கு பெரிய தோப்பு வாங்கினார்கள். இன்று கலிபோர்னியாவின் ப்ரூன் விளைவது அந்த வடக்குப் பகுதியில். ப்ரூன் அழியவில்லை, ஊர் மாறியது.

இந்தச் சுழலை முன்கூட்டியே கண்டு தடுக்க முயன்றவர் ஒருவர் உண்டு. கார்ல் பெல்சர், கவுன்டியின் திட்டத்துறைத் தலைவர். 1950களின் தொடக்கத்தில் விவசாயிகளோடு சேர்ந்து, விவசாயம் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாத பசுமை மண்டலம் என்று நிலங்களை வரையறுத்தார். அமெரிக்காவிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று அது. உரிமையாளர் சம்மதமின்றி அத்தகைய நிலத்தை நகரங்கள் இணைக்கக் கூடாது என்று 1955ல் மாநிலம் சட்டமும் போட்டது. அந்தச் சட்டத்தின் பலவீனம் ‘சம்மதம்’ என்ற இடத்தில் இருந்தது. விலை ஏறியதும் சம்மதம் வந்தது. மண்டலத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சியவர்களே வெளியேற மனுக் கொடுத்தார்கள். 1965ல் வில்லியம்சன் சட்டம் வந்தது. பத்தாண்டு ஒப்பந்தம் எழுதி, நிலத்தை விவசாயத்திலேயே வைத்திருந்தால், விளைச்சல் வருமானத்தைப் பார்த்து மட்டும் வரி போடுவோம் என்றது அது. நல்ல சட்டம். கலிபோர்னியா முழுவதும் லட்சக்கணக்கான ஏக்கரை அது காத்தது. சான்டா கிளாராவின் வட பகுதிக்கு மட்டும் அது பத்து வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது. 1950ல் 2.9 லட்சமாயிருந்த கவுன்டியின் மக்கள்தொகை 1970ல் 10.6 லட்சம். பெல்சர் 1970ல் தம் அனுபவத்தைக் கசப்போடு கட்டுரையாக எழுதினார்.

கணினியின் பங்கை நான் மறைக்கவில்லை. 1956ல் வில்லியம் ஷாக்லி மவுன்டன் வியூவில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் குறைகடத்திக் கூடம் தொடங்கினார். 1957ல் ஃபேர்சைல்ட், 1968ல் இன்டெல். ஆனால் தொழிற்சாலையின் வருகை பழத்தோட்டத்திலிருந்தே தொடங்கியது என்பதையும் சொல்லவேண்டும். 1870களில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு செதில் பூச்சி மரங்களை மொய்த்தது. உலகம் முழுக்க இன்றும் அதற்கு ‘சான் ஹோசே செதில் பூச்சி’ என்றே பெயர். இமயமலை ஆப்பிள் தோட்டங்கள்வரை அது போயிருக்கிறது. அதைக் கொல்ல ஜான் பீன் என்பவர் 1880களில் தொடர்ந்து மருந்து பீய்ச்சும் பம்பு ஒன்றைச் செய்தார். அந்தப் பம்புக் கம்பெனி வளர்ந்து டப்பா ஆலை இயந்திரங்கள் செய்தது. இரண்டாம் உலகப் போரில் நீரிலும் நிலத்திலும் ஓடும் போர் வண்டிகள் செய்தது. எஃப்எம்சி என்ற பெரிய நிறுவனம் அதன் வழிவந்ததுதான். பட்டறை அறிவும் கைத்திறனும் கணினி வருவதற்கு முன்பே தோப்பைச் சுற்றி வளர்ந்திருந்தன.

பழ டப்பா ஆலைகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சன்னிவேலில் ஒருகாலத்தில் உலகிலேயே பெரியது என்று பேர்பெற்ற லிபி ஆலை இருந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது பழக்கலவை டப்பாவைப் போல வர்ணம் பூசிய ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும். சான் ஹோசேயின் டெல் மான்டே ஆலை 1999ல் மூடியது. லாஸ் ஆல்டோஸ், சாரடோகா, சன்னிவேல் நகரங்கள் பொது நிலத்தில் சில ஏக்கர் ஆப்ரிகாட், ப்ரூன் மரங்களை நினைவுத் தோப்பாகப் பராமரிக்கின்றன. அங்கே குடியிருக்கும் தமிழர் சிலரின் கொல்லையில் நிற்கும் வயதான ஆப்ரிகாட் மரம், மனை போட்டவர்கள் வெட்டாமல் விட்டுவைத்த தோப்பு மரமாக இருக்கலாம். அதே கொல்லையில் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பவர்களுக்குப் தோட்டக்காரர்களுக்கான ஒழுங்கு ஒன்று இன்றும் பொருந்தும். எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் ஒரு தத்துப்பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால், செடியை இடம் மாற்றுவதற்கு வேளாண் துறையின் கட்டுப்பாடு உண்டு. நகரமான பின்னும் கவுன்டியில் வேளாண் ஆணையர் அலுவலகம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

விவசாயம் முழுக்கப் போய்விடவில்லை. அது தெற்கே, மார்கன் ஹில், கில்ராய் பக்கம் நகர்ந்து, உருவம் மாறியது. கவுன்டியின் வருவாயில் முன்வரிசையில் நிற்பவை இன்று இரண்டு. ஒன்று, நாற்றுப்பண்ணைச் செடிகள். புறநகர் வீடுகளின் முற்றமே அவற்றின் சந்தை. மற்றது, இருட்டறையில் குறைந்த இடத்தில் விளையும் காளான். நிலம் விலை கூடிய இடத்தில் எந்த விவசாயம் நிற்கும் என்பதற்கு இவை இரண்டுமே சாட்சி. சீன வம்சாவளிக் குடும்பங்கள் ஒருகாலத்தில் கண்ணாடிக் கூடங்களில் சாமந்திப் பூ வளர்த்தன. 1990களில் கொலம்பியாவிலிருந்து வரியில்லாமல் பூ இறங்கியதும் அந்தத் தொழில் படுத்தது. அதே கூடங்களில் அவர்கள் சீனக் கீரைகளை விதைத்தார்கள். அந்தக் கீரையை வாங்குவதற்கு அதே கவுன்டியில் லட்சக்கணக்கான ஆசியர்கள் குடியேறியிருந்தார்கள். தோப்பு போன இடத்தில் வந்த குடியேற்றமே ஒரு புதிய பயிருக்கு வழி திறந்தது. கில்ராயின் பூண்டுக் கதை நீளமானது. அதை அடுத்த பகுதிக்கு வைத்துக்கொள்கிறேன்.

விற்காதவர்களும் இருந்தார்கள். எம்மா ப்ரஷ் என்ற அம்மையார் 1962ல் தம் பால்பண்ணை நிலத்தைச் சான் ஹோசே நகரத்துக்குக் கொடையாக எழுதிவைத்தார். நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் இன்றும் அங்கே கோழி மேய்கிறது, பழமரம் காய்க்கிறது. இன்னொருவர் வால்ட்டர் காட்டில் லெஸ்டர். ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய வளாகத்தைக் கட்டிய சாலைக்கே அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் பெயர்தான், காட்டில் சாலை. சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட பின்னும் அவர் தம் 287 ஏக்கரை விற்கவில்லை. வீடு கட்டும் நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலரோடு வந்து திரும்பிப் போயின. கடைசியில் மாநிலத்துக்கும் கவுன்டிக்குமாக அந்த நிலத்தை இலவசமாக எழுதிக் கொடுத்தார். என்றென்றும் விவசாயம் நடக்கவேண்டும், விளையாட்டு மைதானம் ஆக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே சேர்த்தார். 2014 ஜனவரியில் அவர் காலமானார். அதே ஆண்டு அது மார்ஷல் காட்டில் பூங்கா என்ற பெயரில் மக்களுக்குத் திறந்தது. ஒரு தனிமனிதரின் உறுதி 287 ஏக்கரைக் காக்கும். ஒரு பள்ளத்தாக்கைக் காக்க அது போதாது. அதற்குப் பொதுத் தீர்மானம் வேண்டும்.

அப்படியொரு தீர்மானத்தைக் காயோட்டி பள்ளத்தாக்கில் காண்கிறோம். சான் ஹோசேக்கும் மார்கன் ஹில்லுக்கும் நடுவே சுமார் 7,000 ஏக்கர் நிலம் அது. 1980களில் ஆப்பிள் அங்கே வளாகம் கட்டத் திட்டமிட்டது. 2000ஐ ஒட்டி சிஸ்கோ 20,000 பேர் வேலை செய்யும் வளாகத்துக்குத் திட்டம் போட்டது. பிறகு 25,000 வீடுகளோடு ஒரு புதிய நகரத்துக்கே வரைபடம் தயாரானது. ஒன்றும் நிறைவேறவில்லை, பொருளாதாரச் சரிவும் வழக்குகளும் எதிர்ப்பும் தடுத்தன. 2018ல் சான் ஹோசே வாக்காளர்கள் ஒரு கடன்பத்திரத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். வெள்ளத்தைத் தாங்கும் திறந்த நிலங்களை வாங்குவதும் அதில் ஒரு செலவு. 2019ல் நகரமும் ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளையும் திறந்தவெளி ஆணையமும் சேர்ந்து, அங்கே 937 ஏக்கரை 9.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கின. 2021 நவம்பரில் நகர மன்றம் வடக்குக் காயோட்டியைத் தொழிற்பேட்டை நிலம் என்ற வகையிலிருந்து நீக்கித் திறந்த நிலமாகவும் விவசாய நிலமாகவும் ஆக்கியது.

ஹாமன் காலத்தில் தோப்பை இணைத்ததும் அதே நகர மன்றம்தான். 1950களில் ஒரு தீர்மானத்தில் முடிந்திருக்கக்கூடியதை 2019ல் பணம் கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று.

அடுத்த பகுதி: கில்ராயின் பூண்டு.

(தொடரும்)